ஹாஃப்கின்னும் 19 உயிர்களும்

பிளேக் தடுப்பூசி தந்த வால்டெமர் ஹாஃப்கின்னைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1860-ல் ஒடெசாவில் பிறந்தவர். பம்பாயில் பிளேக் பரவியபோது அதன் கிருமியை வளர்த்து, சூட்டில் கொன்று மருந்தாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார்.

1902 அக்டோபர் 30. பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் ஒரே குப்பியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேரும் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். ஆய்வுக்கூடத்திலேயே கிருமி கலந்துவிட்டது என்றது விசாரணைக் குழு. ஹாஃப்கின் பதவி பறிபோனது.

நீங்களே யோசியுங்கள். டெட்டனஸ் கிருமி பல நாள் வளர்ந்த திரவம் திறந்ததுமே நாறும். அந்தக் குப்பியை முகர்ந்து பார்த்தபோது நாற்றமே இல்லை. ஆனால் அன்று உதவியாளரின் இடுக்கி மண்ணில் விழுந்திருந்தது. கொதிக்க வைக்காமல், கார்பாலிக் திரவத்தில் அலசிவிட்டு அதனாலேயே குப்பியின் அடைப்பை எடுத்திருக்கிறார். மண்ணிலுள்ள டெட்டனஸ் வித்துகள் அதற்கெல்லாம் சாகாது. (நம் வைகைக் கரை வயலில் காலில் ஆணி குத்தினால் டி.டி. ஊசி போடச் சொல்வதும் இதனால்தான்.)

மலேரியா புகழ் ரொனால்டு ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் அவருக்காக வாதாடினார்கள். 1907-ல் பழி நீங்கியது. கல்கத்தாவுக்கு வேலைக்குத் திரும்பினார். 1925-ல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதைக் கண்டபின் 1930-ல் காலமானார்.