படம் பளிச்சுனு இருக்கு, எண் சரியா இருக்கா? காந்தத்தை அளந்த கே.எஸ். கிருஷ்ணனின் கதை

நார்த்தாமலையிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு வந்தால், அன்றைய நாள் அதோடு போச்சு. குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருப்பதும் லேசான வேலை இல்லை. அதனால் ஸ்கேன் பத்து நிமிடத்தில் முடிஞ்சிடும் என்றால் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் படம் எடுப்பது ஒரு வேலை, அந்தப் படத்திலிருந்து ஓர் அளவை எண்ணாக எடுப்பது இன்னொரு வேலை. வேகம் கூடும்போது இரண்டாவது வேலையில்தான் சிக்கல் வருகிறது. எம்.ஆர்.ஐ. என்ற ஒன்று வருவதற்கு முன்பே இறந்துபோன ஒரு தமிழ் இயற்பியலாளரின் வாழ்க்கையைப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும்.

வத்திராயிருப்பு டு கல்கத்தா

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன், சுருக்கமாக கே.எஸ். கிருஷ்ணன், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படிப்பு போனது. பிறகு கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை விளக்குநர் வேலை. மதிய உணவு இடைவேளையில் அவர் அறிவியல் பேசுவதைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வருவார்களாம்.

1923ல் கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1928ல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது கூடவே உழைத்தவர் இவர்தான். அதை உலகுக்குச் சொன்ன கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் கிருஷ்ணனின் மற்ற வேலைகள் மறந்தே போய்விடுகின்றன என்பதுதான் வருத்தம்.

ஒரு நூலிழை, ஒரு படிகம்

1928 இறுதியில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். சத்யேந்திரநாத் போஸ் அப்போது அங்கேதான் இருந்தார். கிருஷ்ணன் கையில் எடுத்த கேள்வி: ஒரு படிகத்தின் காந்த ஏற்புத்திறன் எல்லாத் திசையிலும் ஒன்றா? காந்தப் புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு மசிகிறது என்பதுதான் காந்த ஏற்புத்திறன். நாப்தலீன் மாதிரியான பொருள்களில் அது மிகச் சின்னது. திசைக்குத் திசை உள்ள வித்தியாசம் அதைவிடச் சின்னது. அதை எப்படி அளப்பது?

அவர் போட்ட வழி எளிமையானது. முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே நிறுத்தினார். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போனால், படிகம் காந்தத்தின் பிடியில் அடம்பிடித்து நிற்கும். ஏறக்குறைய 45 டிகிரி விலகியதும் பிடி தளர்ந்து, சட்டெனப் புரண்டுவிடும். மேல்முனையை அதுவரை எத்தனை டிகிரி முறுக்கினோம் என்று குறித்தால் போதும். இழையின் முறுக்கு வலிமை, காந்தப் புலம், படிகத்தின் எடை மூன்றும் தெரிந்தால் விடை வந்துவிடும்.

இந்த மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க முடியும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எண் தப்பாக வந்தால், எங்கே தப்பு என்று தேடிப் பிடிக்கலாம். பி.சி. குஹா, எஸ். பானர்ஜியுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையை 1933ல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. 1940ல் அதே சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. (அமெரிக்காவில் இசிடோர் ராபியும் 1927ல் படிகங்களின் காந்த ஏற்புத்திறனை அளந்துதான் முனைவர் பட்டம் வாங்கினார். எம்.ஆர்.ஐ.க்கு அடிப்படையான அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை 1938ல் கண்டவரும் அவரே.)

1947ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார் கிருஷ்ணன். நாட்டின் அளவுகளுக்கெல்லாம் காவல் அந்த ஆய்வகம்தான். இந்தியாவின் மூலக் கிலோகிராம், 57ம் எண் படி, அங்கேதான் இருக்கிறது. 1961 ஜூன் 14 அன்று கிருஷ்ணன் காலமானார். முதல் எம்.ஆர்.ஐ. படம் வந்தது 1973ல்.

அதே அளவு, இப்போது மூளையில்

இன்று மூளையின் ஒவ்வொரு புள்ளியிலும் காந்த ஏற்புத்திறன் எவ்வளவு என்று எம்.ஆர்.ஐ.யே வரைபடமாகத் தருகிறது. இரும்புச்சத்து சேர்ந்த இடத்தில் எண் கூடும். பார்கின்சன் நோய் ஆய்வில் இதற்கு முக்கிய இடம் உண்டு. நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் உறையில் இந்த எண் திசைக்குத் திசை மாறுகிறது, கிருஷ்ணனின் படிகம் மாதிரியே. வித்தியாசம் கோடியில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும்.

இங்கே வேகம் என்ன செய்கிறது? எடுக்க வேண்டிய தரவில் நான்கில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால் நேரம் கால்வாசி ஆகிறது, ஆனால் இரைச்சல் குறைந்தது இரு மடங்காகிறது. விடுபட்ட தரவை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது, இரைச்சலையும் தேய்த்து வழவழப்பாக்குகிறது. படம் பளிச்சென வரும். நோயைக் கண்டுபிடிக்க பல நேரம் அதுவே போதும்.

எண்ணுக்குத்தான் கஷ்டம். இரும்பு மிகுந்த சின்னப் பகுதியின் மதிப்பு அக்கம்பக்கத்து மதிப்போடு கலந்து இறங்கிவிடலாம். இரைச்சலால் வரும் பிழை ஒவ்வொரு முறையும் மாறும். பலமுறை எடுத்து சராசரி பார்த்தால் குறையும். மென்பொருளால் வரும் சாய்வு அப்படியில்லை. பத்து முறை எடுத்தாலும் அதே தப்பான எண் வரும், பார்ப்பவருக்கு நம்பிக்கைதான் கூடும்.

போன வருடம் மெதுவான ஸ்கேன், இந்த வருடம் வேக ஸ்கேன் என்று வைத்துக்கொள்வோம். இரும்பு குறைந்திருப்பதாக எண் காட்டினால், குறைந்தது இரும்பா, அளக்கும் முறை மாறியதன் விளைவா? மருந்து வேலை செய்கிறது என்று தப்பாக முடிவெடுத்துவிட வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஆய்வாளர்கள் மதிப்பு முன்பே தெரிந்த திரவங்கள் அடைத்த மாதிரிப் பொருளை முதலில் ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். இப்படி எண்ணை வைத்து நோயைத் தொடர்ந்து கவனிப்பவர்கள், முடிந்தவரை அதே இயந்திரத்தில், அதே அமைப்பில் அடுத்த ஸ்கேனையும் எடுப்பது நல்லது. அமைப்பு மாறியிருந்தால், பழைய எண்ணோடு ஒப்பிடலாமா என்று ஸ்கேன் அறிக்கை எழுதும் டாக்டரிடம் கேட்டுவிடலாம்.