ஒல்லி தேகம், தினமும் நடை... காந்திக்கு 220 பிரஷர் ஏறியது எப்படி?

குண்டாக இருப்பவர்களுக்குத்தான் பிரஷர் வரும் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. ஒல்லியாத்தானே இருக்கோம், நல்லா நடக்கறோம், நமக்கு எதுக்கு செக்கப் என்று விட்டுவிடுவோம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பிரஷர் வந்திருக்கவே கூடாத ஒருவர், 1934 பிப்ரவரியில் கோவை போத்தனூரில் வந்து தங்கினார். அவர் மகாத்மா காந்தி.

அப்போது அவருக்கு 64 வயது. தீண்டாமைக்கு எதிரான அரிஜன யாத்திரையை 1933 நவம்பரில் வர்தாவில் தொடங்கியிருந்தார். ஒன்பது மாதங்களில் சுமார் 20,000 கிலோமீட்டர். ரயில், கார், பல இடங்களில் நடை. குன்னூரில் ஒரு வாரம் தங்கிவிட்டு மலையிறங்கியவர், கோவைப் பக்கம் வந்தார். ரயில் ஜங்ஷனை ஒட்டி வளர்ந்த போத்தனூரில் அவர் தங்கிய வீடு இன்று காந்தி நினைவகம்.

இவ்வளவு அலைந்த உடம்பு எப்படி இருந்தது தெரியுமா? 2019-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) வெளியிட்ட காந்தியின் உடல்நலத் தொகுப்பில் விவரம் இருக்கிறது. உயரம் 165 சென்டிமீட்டர், எடை 46.7 கிலோ, பிஎம்ஐ 17.1. குறைந்தது 18.5 இருக்க வேண்டும். அதாவது, உடல் பருமன் என்ற பேச்சுக்கே இடமில்லை. எடை குறைவு என்றுதான் இன்றைய டாக்டர் சொல்லியிருப்பார்.

முதல் எச்சரிக்கை

போத்தனூருக்கு வந்துபோன இரண்டே ஆண்டுகளுக்குள், 1935 டிசம்பரில் வர்தாவில் பிரஷர் அதிகமாகி காந்தி படுத்துவிட்டார். வேலையெல்லாம் நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கச் சொன்னார்கள் டாக்டர்கள். எடுத்தார். பிறகு மறுபடி பழைய ஓட்டம்தான்.

1937 அக்டோபர் 26-ல் எடுத்த அளவு 194/130. அந்த நாட்களில் அவர் கல்கத்தாவில் இருந்தார். அரசியல் கைதிகளின் விடுதலைக்காக அதிகாரிகளோடு பேச்சு மேல் பேச்சு. அந்த டிசம்பரில் பம்பாய் ஜூஹு கடற்கரையில் ஒரு மாதம் ஓய்வு. 1940 பிப்ரவரி 19-ல் 220/110. சாந்திநிகேதனில் தாகூரைப் பார்த்துவிட்டு விடைபெற்ற அதே நாள். இன்றைக்கு 140/90-ஐத் தாண்டினாலே டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள்.

ரத்தக்குழாயைப் பிடித்து இறுக்குவது யார்?

உடல் எடை கூடினால் பிரஷர் ஏறும் என்பது உண்மைதான். கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டை அல்ல, அதுவும் ஹார்மோன் சுரக்கும். அதிலிருந்து வரும் லெப்டின், நரம்பு மண்டலத்தை முடுக்கிவிடுகிறது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனுக்கான மூலப்பொருளையும் கொழுப்புத் திசு தயாரிக்கிறது. இந்த ஆஞ்சியோடென்சின் ரத்தக்குழாயைச் சுருக்கும். கூடவே அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனை வரவைக்கும். அது உப்பையும் தண்ணீரையும் உடம்பிலேயே தேக்கிவிடும். குழாய் சுருங்கி, உள்ளே ஓடும் அளவும் கூடினால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்?

ஆனால் இந்த இயந்திரம் ஓட கொழுப்பு கட்டாயம் இல்லை. ஆஞ்சியோடென்சினுக்கு வேண்டிய மூலப்பொருள் பெருமளவு கல்லீரலிலேயே உருவாகிறது. சிறுநீரகம் சுரக்கும் ரெனின் அதை முடுக்கிவிடும். கவலை, கோபம், தூக்கமின்மை வந்தால் அட்ரினலினும் நார்அட்ரினலினும் பாயும், குழாய்கள் இறுகும். வயது ஏற ஏற தமனிகள் வேறு விறைத்துப்போகும். பரம்பரையும் சேரலாம். காந்தி விஷயத்தில் வயதும் ஓயாத மன அழுத்தமும் என்பதே நியாயமான கணிப்பு.

உப்பு? தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபா நோயில் படுத்தபோது, அவரை உப்பும் பருப்பும் விட வைப்பதற்காகத் தானும் விட்டவர் காந்தி. நாட்டுக்காக உப்பு அள்ளினாரே தவிர, தன் தட்டில் கொட்டிக்கொண்டவர் இல்லை. எதையெல்லாம் செய்யாதே என்று இன்று டாக்டர் சொல்கிறாரோ, அதில் பெரும்பாலானவற்றை அவர் செய்யவே இல்லை. அளவான சாப்பாடு, புகை கிடையாது, மது கிடையாது, தினமும் நீண்ட நடை. இவ்வளவும் இருந்தும் பிரஷர் வந்தது.

மூன்று சொட்டு மருந்து

இயற்கை வைத்தியத்தில் பிடிவாதமான நம்பிக்கை அவருக்கு. தலையிலும் வயிற்றிலும் மண் பட்டி, மசாஜ், ஓய்வு. திங்கட்கிழமை மட்டும் இருந்த மௌன விரதத்தை, பிரஷருக்காகவே மற்ற நாட்களுக்கும் நீட்டினார். நரம்பு மண்டலத்தை அமைதிப்படுத்தும் வழி என்று பார்த்தால், அதில் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது.

அதோடு சர்ப்பகந்தா வேரின் மருந்தையும் சொட்டுக் கணக்கில் எடுத்துக்கொண்டார். இதைத் தன் மருத்துவர் சுசீலா நய்யாருக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். இந்தச் சுசீலாதான் பின்னாளில் மத்திய சுகாதார அமைச்சர் ஆனவர்.

சர்ப்பகந்தா வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. அது பிரஷரைக் குறைக்கும் என்று 1931-லேயே கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் எழுதினார்கள். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு நுனிகளில் சேர்த்துவைத்திருக்கும் நார்அட்ரினலினைக் காலி செய்வதுதான் அதன் வேலை. ரத்தக்குழாயை இறுக்கும் ஆளையே வெளியேற்றிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மனச்சோர்வு உள்ளிட்ட பக்கவிளைவுகள் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி நீங்களாக முயற்சி பண்ணிடாதீங்க.

காந்தி 1948 ஜனவரி 30-ல் சுட்டுக் கொல்லப்பட்டார், 78 வயதில். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தாவைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதி உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்.