ஸ்டேஷன் மாஸ்டர் மகனும் பாட்டுப் பீரியடும்

இந்த இதழில் ஹங்கேரி நாட்டு இசைமேதை சோல்தான் கோடாய் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

1882 டிசம்பர் 16 அன்று கெச்கெமேட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர். எங்கள் வங்கி உத்தியோகம் போலத்தான், மாற்றல் வந்தால் மூட்டை கட்ட வேண்டும். அப்படிப் போன கலாந்தா என்ற சிற்றூரில், கூடப் படித்த பிள்ளைகளின் கிராமியப் பாட்டுகள் அவர் மனதில் பதிந்தன.

1905-இல் நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமங்களுக்குக் கிளம்பினார். பேலா பார்டோக்கும் அந்தப் பணியில் சேர்ந்துகொண்டார். 1907-இல் புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். 1923-இல் பெரிய இசைப்படைப்பு ஒன்றால் பெயரும் புகழும் வந்தன.

அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1925-இல் பள்ளிப் பிள்ளைகள் பாடியதைக் கேட்டு வருந்தினார். பிள்ளைகளை அவர் குறை சொல்லவில்லை. சொல்லித்தரும் முறையும், கொடுக்கும் பாட்டும்தான் சரியில்லை என்றார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்காகப் பாட்டுகளும் பயிற்சிகளும் எழுதினார்.

அவர் கணக்கு எளிமையானது. பியானோ வாங்கப் பணம் வேண்டும்; குரல் ஏழைக்கும் உண்டு. ஆகவே சாதாரணப் பள்ளியிலேயே பாட்டில் தொடங்கலாம். நம் 'ஸ' போல, அவர்களின் 'டோ'வை எந்தச் சுருதியிலும் வைத்துப் பாடலாம். இங்கிலாந்தின் ஜான் கர்வன் வகுத்த கைச்சைகைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

1950-இல் அவர் பிறந்த ஊரிலேயே, தினமும் பாட்டு வகுப்பு நடக்கும் தொடக்கப்பள்ளி ஆரம்பமானது. கோடாய் 1967 மார்ச் 6 அன்று காலமானார். நாட்டுப்பாடல்களைக் காக்கும் நல்ல வழி என்று 2016-இல் யுனெஸ்கோ அவர் முறையைத் தன் பதிவேட்டில் சேர்த்தது.

நான் படித்த பள்ளியிலும் டைம் டேபிளில் டிராயிங் பீரியட் உண்டு. பெரும்பாலும் கணக்கு வாத்தியார் அதை எடுத்துக்கொள்வார். அந்தக் கணக்குதான் எனக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் பேத்தி கேட்டால் ஒரு மாம்பழம் வரைய இன்றும் கை வராது.

நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டு டீச்சர் வீட்டுக்கே வருகிறார். நம் வீடுகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் கிடைத்தால்தான் உண்டு. அந்த ஒரு பீரியடை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் விட்டாலே, கோடாய் நினைத்ததில் பாதி நடந்த மாதிரி.