திப்புவின் துப்பாக்கியா? விசையைப் பாருங்க

ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் நாலாவது ஸ்டேஷன் கே.ஆர். மார்க்கெட். பக்கத்திலேயே திப்பு சுல்தானின் கோடை அரண்மனை. தேவனஹள்ளியில் பிறந்து 1782-ல் ஆட்சிக்கு வந்தவர், 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரில் இறந்தார். அவரது ஆயுதங்களை பிரிட்டிஷ் படை அள்ளிக்கொண்டு போனது. 2023-ல் லண்டன் ஏலத்தில் ஒரு வாள் மட்டும் 1.4 கோடி பவுண்டுக்குப் போச்சு. இவ்வளவு விலைன்னா போலியும் வரத்தானே செய்யும்?

அவர் பட்டறைத் துப்பாக்கிகளில் புலிக்கோடு, மௌலூதி ஆண்டு எல்லாம் இருக்கும். ஆனா கோட்டை யார் வேணா பொறிக்கலாம். விசைதான் முக்கியம். திப்பு காலத்தில் சக்கிமுக்கிக் கல் உரசிய பொறியில்தான் மருந்து பற்றும். அடித்தால் வெடிக்கும் மருந்துக்கு ஸ்காட்லாந்துக்காரர் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றதே 1807-ல். கேப் அதற்கும் பிறகு. கேப் வைத்துச் சுடும் ஜெர்மன் ரிவால்வரை திப்புவோடதுன்னு யாராவது நீட்டினா, பர்ஸை மூடிடுங்க. கல்விசையைப் பின்னாளில் கேப்புக்கு மாற்றிய பழைய துப்பாக்கிகளும் உண்டு; அங்கதான் நிபுணர் தேவை.