தம் உடலில் முதல் ஊசியேற்ற ஹாஃப்கின்

வாந்திபேதியும் கொள்ளைநோயும் ஊர்களை வெறுமையாக்கிய கதைகளை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பெரியவர்கள் கூறக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்விரு நோய்களுக்கும் தடுப்பூசி உருவாக்கியவர் வால்டெமர் ஹாஃப்கின். 1860இல் ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

1892இல் பாரிஸில் வாந்திபேதித் தடுப்பூசியைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்த பின், அடுத்த ஆண்டு கல்கத்தா வந்தார். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. கிருமிகளை வளர்த்துச் சூட்டினால் கொன்று மருந்தாக்கினார். இறந்த கிருமி நோயைத் தராது. ஆயினும் அதனை அடையாளங்கண்டு எதிர்க்க உடல் பழகிவிடும். 1897 ஜனவரி 10இல் இதனையும் முதலில் தாமே ஏற்றார். மக்களோ அஞ்சி விலகினர். அப்போது இளைஞரான மூன்றாம் ஆகா கான் பலர் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டு தம் சமூகத்தாரின் அச்சத்தைப் போக்கினார்.

1902இல் பஞ்சாபின் முல்கோவாலில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் கண்டு மாண்டனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது, பதவியிலிருந்து விலக்கப்பட்டார். கெட்டது ஒரே புட்டி. அதைத் திறக்கையில் தரையில் விழுந்த இடுக்கியைச் சரிவரச் சுத்திகரிக்காததே காரணம் என்ற விளக்கம் வலுப்பெற்று, 1907இல்தான் பழி நீங்கியது. ஓர் உண்மை வெளிவர ஐந்தாண்டுகள் ஆனது நம்மை வருத்துகிறது. பழைய பம்பாய்ப் பதவியும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அவர் நிறுவிய ஆய்வுக்கூடத்திற்கு 1925இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1930இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மறைந்தார்.