குண்டு அரளியும் ஒரு பிடிவாதக்காரரும்: அடினியத்தை உலகத்துக்குச் சொன்னவரின் கதை

நர்சரிக்குள் நுழைந்ததும் சட்டென்று நம்மை நிறுத்துகிற செடி ஒன்று இருக்கும். அடித்தண்டு தொப்பை வைத்த மாதிரி பெருத்து, வேர்கள் யானைக்கால் மாதிரி வெளியே தெரிய, தலையில் மட்டும் பளிச்சென்று பிங்க் பூ. அதுதான் அடினியம். பாலைவன ரோஜா என்றும் சொல்வார்கள். ரோஜாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இது நம்ம ஊர் அரளிக் குடும்பத்துச் செடி. போன்சாய் வளர்க்க ஆசை, ஆனா ஆலமரத்தையும் அரச மரத்தையும் வருஷக்கணக்கில் வளைக்கப் பொறுமை இல்லை என்பவர்களுக்கு இது வரம். மூன்று நான்கு வருஷத்திலேயே வயசான குட்டி மரம் மாதிரி தோற்றம் வந்துவிடும்.

இந்தச் செடியின் அறிவியல் பெயர் அடினியம் ஒபேசம். தாவரவியல் புத்தகங்களில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஃபோர்ஸ்க் என்று ஒரு சுருக்கம் ஒட்டிக்கொண்டே வரும். அது ஒரு மனிதரின் பெயர். பீட்டர் ஃபோர்ஸ்கோல். இந்தச் செடியை முதன்முதலில் அறிவியல் உலகத்துக்கு எழுதிவைத்தவர். எழுதிவைத்தாரே தவிர, அது அச்சாகி வந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 31 வயதில் ஏமன் மலைநாட்டில் காய்ச்சலில் இறந்துபோனார்.

பாதிரியார் வீட்டுப் பையன்

1732 ஜனவரி 11 அன்று ஹெல்சிங்கியில் பிறந்தார். இன்றைக்கு ஃபின்லாந்தின் தலைநகரம், அன்றைக்கு ஸ்வீடன் ராஜ்ஜியத்தில் ஒரு துறைமுக ஊர். அப்பா லூத்தரன் சபைப் பாதிரியார். பையனுக்கு 9 வயதிருக்கும்போது குடும்பம் ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்தது. 10 வயதிலேயே உப்சாலா பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவாகிவிட்டது.

உப்சாலாவில் அப்போது கார்ல் லின்னேயஸ்தான் பெரிய பெயர். இன்றும் உயிரினங்களுக்கு நாம் வைக்கிற இரட்டைப் பெயர் முறையை நிலைநிறுத்தியவர். அவரிடம் படித்த மாணவர்கள் செடி தேடி உலகம் முழுக்கக் கிளம்பினார்கள், திரும்பி வராதவர்களும் உண்டு. ஃபோர்ஸ்கோலும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஆனா செடியோடு நின்றுவிடவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குப் போய் மிக்காயேலிஸ் என்ற பேராசிரியரிடம் கீழை மொழிகள் படித்தார், தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் கொண்டாடப்பட்ட தத்துவக் கொள்கைகளைக் கேள்வி கேட்டு எழுதியதுதான் அவருடைய ஆய்வு. ஆள் எப்படி என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

79 பிரதிகள்

ஊர் திரும்பியவர் 1759 நவம்பரில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். குடிமக்களின் சுதந்திரம் பற்றி, எண் போட்ட 21 பத்திகள், அவ்ளோதான். ஆட்சியில் இருப்பவர்கள் மக்கள் சுதந்திரத்துக்கு ஆபத்தாகலாம், அதைத் தடுக்க அச்சுச் சுதந்திரம் வேண்டும், பிறப்பை வைத்துச் சலுகை கூடாது என்றெல்லாம் 27 வயசுப் பையன் எழுதினால் அரசு சும்மா இருக்குமா? தணிக்கை அதிகாரி சில வரிகளை வெட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுமதித்தார். அதுவும் தாங்காமல் சீக்கிரமே புத்தகத்துக்குத் தடை வந்தது.

இங்கேதான் ட்விஸ்ட். பிரதிகளைத் திரும்ப வாங்கும் வேலை, அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவரின் தலையில் விழுந்தது. அவர் வேறு யாருமில்லை, குரு லின்னேயஸ். 500 பிரதிகள் அச்சாகியிருந்தன. கைக்குக் கிடைத்தது 79 மட்டும். மற்றதையெல்லாம் சிஷ்யன் முன்பே ஊருக்குள் விநியோகித்துவிட்டார்.

1766இல் ஸ்வீடன் அச்சுச் சுதந்திரத்தைச் சட்டமாகவே கொண்டுவந்தது. உலகத்திலேயே முதல் சட்டங்களில் ஒன்று. அதற்கு வழி போட்டவர்களில் ஒருவராக ஃபோர்ஸ்கோலை இன்று சொல்கிறார்கள். ஆனா அந்தச் சட்டம் வந்தபோது அவர் இறந்து 3 வருஷம் ஆகியிருந்தது.

ஆறு பேர் கிளம்பினார்கள்

இதற்கிடையில் பழைய பேராசிரியர் மிக்காயேலிஸ், டென்மார்க் அரசிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தார். தெற்கு அரேபியாவுக்கு ஒருவரை அனுப்பி, பைபிளில் வரும் செடிகள், விலங்குகள், இடங்களைப் பற்றி நேரில் ஆராய வேண்டும். முதலில் போட்ட திட்டத்தில் நம்ம தரங்கம்பாடியும் இருந்தது. அப்போது அது டேனிஷ்காரர்களின் கோட்டை ஊர். அங்கே வந்து அங்கிருந்து அரேபியா போகலாம் என்பது கணக்கு. பிறகு திட்டம் பெரிதாகி, பாதையும் மாறி, கான்ஸ்டாண்டிநோபிள், எகிப்து வழியாகப் போவதாக முடிவானது. டென்மார்க் மன்னர் ஐந்தாம் ஃபிரெடெரிக் செலவை ஏற்றுக்கொண்டார்.

1761 ஜனவரியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல் கிளம்பியது. மொழி அறிஞர் ஃபான் ஹாவன், இயற்கை ஆய்வுக்கு ஃபோர்ஸ்கோல், வரைபடம் போட கார்ஸ்டன் நீபூர், டாக்டர் கிராமர், ஓவியர் பௌரன்ஃபைண்ட், பணியாள் பெர்க்கிரென். மொத்தம் ஆறு பேர்.

குரூப் டூர் போனவர்களுக்குத் தெரியும், பாதி வழியில் யாராவது முறைத்துக்கொள்வார்கள். இங்கே விஷயம் ரொம்பவே முற்றியது. கான்ஸ்டாண்டிநோபிளில் ஃபான் ஹாவன் ஆர்சனிக் விஷம் வாங்கியது மற்றவர்களுக்குத் தெரியவந்தது. நம்மைக் கொல்லத்தான் வாங்கியிருக்கிறார் என்று பயந்துபோய் மேலிடத்துக்குப் புகார் எழுதினார்கள். யாரும் விஷம் வைக்கவில்லை. ஆனா அந்தச் சந்தேகத்தோடுதான் அத்தனை பேரும் ஒன்றாகப் பயணம் செய்தார்கள்.

எகிப்தில் ஒரு வருஷம். செடி தேடித் தனியே சுற்றிய ஃபோர்ஸ்கோலை வழிப்பறிக்காரர்கள் பிடித்து, போட்டிருந்த துணி வரைக்கும் உருவிக்கொண்டார்கள். அதற்காக அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. சாதாரண உள்ளூர்க்காரர் மாதிரி உடுத்தி, அரபு மொழி பேசி, செடிகளின் பெயரை உள்ளூர் மக்களிடமே கேட்டு எழுதிக்கொண்டார்.

ஏமனில் ஒரு குண்டுச் செடி

1762 டிசம்பர் கடைசியில் ஏமனின் லுஹையா துறைமுகத்தில் இறங்கினார்கள். அடுத்த சில மாதங்கள்தான் ஃபோர்ஸ்கோல் வாழ்க்கையின் பொற்காலம். கழுதை மேல் ஏறி, அனல் பறக்கும் கடற்கரைச் சமவெளியிலிருந்து காப்பி விளையும் மலைகள் வரை அலைந்தார். உயரம் மாற மாற செடிகளும் மாறுவதைக் கவனித்துக் குறித்தார். பழங்காலத்திலிருந்து பேசப்பட்ட மெக்கா பால்சம் மரத்தைக் கண்டுபிடித்து, ஒரு கிளையை லின்னேயஸுக்கு அனுப்பினார்.

இந்த ஏமன் குறிப்புகளில்தான் நம்ம செடி வருகிறது. பூவைப் பார்த்தால் அரளி. அடியைப் பார்த்தால் உப்பிப்போன பானை. அவர் வைத்த பெயர் நீரியம் ஒபேசம். நீரியம் என்றால் அரளி, ஒபேசம் என்றால் பருத்தது. தமிழில் சொல்லப்போனா குண்டு அரளி! 1819இல் இதை அரளியிலிருந்து பிரித்து அடினியம் என்று தனி இனமாக்கினார்கள். அந்தப் பெயருக்கும் வேர் அரபு மொழிதான். அவர் வைத்த ஒபேசம் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

யாரிம்

மோக்கா துறைமுகத்தில் சோதனை அதிகாரிகள் அவருடைய ஜாடிகளைத் திறந்தார்கள். சாராயத்தில் ஊறிய மீன்களின் நாற்றம் தாங்காமல் ரகளையாகி, பல மாதம் சேர்த்த சேகரிப்பில் ஒரு பகுதி அங்கேயே வீணானது. 1763 மே மாதம் ஃபான் ஹாவன் காய்ச்சலில் இறந்தார். அது மலேரியா. ஆனா கொசுவால் வருகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

மிச்சமிருந்தவர்கள் சனா நகரை நோக்கிக் கிளம்பினார்கள். வழியில் தாயிஸ் நகரத்தை ஒட்டி சாபிர் என்ற பெரிய மலை. அதில் ஏறிச் செடி பார்க்க ஃபோர்ஸ்கோல் துடித்தார். உள்ளூர் ஆளுநர் அனுமதி தரவில்லை. அதற்குள் உடம்பும் விழுந்துவிட்டது. உட்காரக்கூட முடியாத நிலையில், ஒட்டகத்தின் மேல் மூட்டை மாதிரி கட்டி வைத்து அழைத்துப்போனார்கள். ஜூலை 11 அன்று யாரிம் என்ற ஊரில் உயிர் பிரிந்தது. ஐரோப்பியர் பெட்டியில் புதைத்தால் உள்ளே பொன் இருக்கும் என்று நினைத்த திருடர்கள், அந்தக் கல்லறையையும் தோண்டினார்கள்.

அடுத்து பம்பாய்க்குப் போன கப்பலில் ஓவியரும் பணியாளும் இறந்தார்கள். பம்பாய் வந்து சேர்ந்த டாக்டர் 1764இல் இறந்தார். ஆறு பேரில் கோபன்ஹேகன் திரும்பியது நீபூர் மட்டும், 1767இல். வந்தவர் நண்பனின் குறிப்புகளைத் தூசி தட்டி, எகிப்து, அரேபியச் செடிகள் பற்றிய புத்தகமாக 1775இல் வெளிக்கொண்டுவந்தார். அவர் விட்டிருந்தால் ஃபோர்ஸ்கோல் என்ற பெயரே காணாமல் போயிருக்கும்.

லின்னேயஸும் சிஷ்யனை மறக்கவில்லை. வறண்ட பூமியில் வளரும், தொட்டால் துணியில் ஒட்டிக்கொண்டு விடாத ஒரு செடிக்கு அவர் பெயரை வைத்தார். ஃபோர்ஸ்கோலியா டெனாசிஸிமா. டெனாசிஸிமா என்றால் பிடித்த பிடியை விடாதது!

அந்த மலையை உங்கள் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள்

ஃபோர்ஸ்கோல் செடியோடு சேர்த்து அது வளர்ந்த இடத்தையும் எழுதினார். அடினியம் வளர்ப்பவர்களுக்கு அதுதான் முதல் பாடம். இது வெயில் காய்கிற, தண்ணீர் தங்காமல் வடிகிற பூமியின் செடி. எப்போதாவது பெய்கிற மழையைத் தொப்பையில் சேமித்து வாழும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் ஈஸி.

வெயில்: தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். ஹாலில் அழகுக்கு வைத்தால் கிளை ஒல்லியாக நீளும், பூக்காது.

மண்: பருமணல் அல்லது பொடித்த செங்கல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. ஊற்றிய தண்ணீர் சில நொடிகளில் கீழே வடிய வேண்டும். ஆழமில்லாத, அகலமான தொட்டி போன்சாய்க்குப் பொருத்தம். துளை கட்டாயம்.

தண்ணீர்: மேல்மண் இரண்டு அங்குலம் வரை காய்ந்த பிறகு நன்றாக ஊற்றுங்கள். இந்தச் செடி பெரும்பாலும் பாசத்தில்தான் சாகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள்.

தொட்டுப் பாருங்கள்: அடித்தண்டு அமுங்குகிறதா? மண் காய்ந்திருந்தால் தாகம், தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். மண் ஈரமாக இருந்தும் அமுங்கினால் அழுகல். உடனே பிடுங்கி, சுத்தமான கத்தியால் நல்ல சதை தெரியும்வரை வெட்டி, நிழலில் ஒரு வாரம் காயவைத்து, புதுக் கலவையில் நடுங்கள்.

போன்சாய் வடிவம்: விதையில் முளைத்த செடிக்குத்தான் அழகான தொப்பை வரும், வெட்டி நட்ட குச்சிக்கு அவ்வளவு வராது. ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றும்போது செடியை ஒரு அங்குலம் உயர்த்தி நட்டால், வேர்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். நேராகக் கீழே ஓடும் வேரை வெட்டி, பக்க வேர்களை விரித்துவிடுங்கள். வெட்டு காயும்வரை, அதாவது ஒரு வாரம், தண்ணீர் வேண்டாம்.

கவாத்து: மாசி, பங்குனி சரியான நேரம். வெட்டிய இடத்திலிருந்து பல கிளைகள் வரும், புதுக் கிளையின் நுனியில்தான் பூ வரும். ஒட்டுச்செடி வாங்கியிருந்தால், ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய கலர் போய்விடும்.

பூச்சி: இலையடியில் மாவுப்பூச்சி வந்தால், வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.

கவனம்: அரளிக் குடும்பம் என்பதால் இதன் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். கவாத்து செய்யும்போது கையுறை போடுங்கள், குழந்தைகளுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சில நாள் இலையெல்லாம் உதிர்ந்து, தொப்பையும் மொட்டைக் கிளையுமாக நிற்கும். செத்துப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடித்தண்டு கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரைக் குறைத்துவிட்டுக் காத்திருங்கள், துளிர்விடும்.