ஸர் ஆர்தர் காட்டன்

காவேரிப் பாசனத்தைப் பற்றிப் பேசுவோர் ஸர் ஆர்தர் காட்டனை மறத்தல் இயலாது. 1803-ல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1821-ல் சென்னை ராஜதானிக்கு வந்து என்ஜினீயர் உத்தியோகம் ஏற்றார். அக்காலத்தில் காவேரி மணல் மேடிட்டுக் கிடந்தது. வெள்ளம் தாழ்ந்த கொள்ளிடத்தில் வீணே ஓடிற்று. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. கல்லணையை ஆராய்ந்த காட்டன், மணற்படுகையின் மீதே உறுதியாக அணை நிறுத்தும் வித்தையை நம் முன்னோரிடம் கற்றுக்கொண்டார். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே, முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் எழலாயின.

பின்னர் கோதாவரிக்குச் சென்றார். 1847-ல் தொடங்கிய தவளேஸ்வரம் அணை 1852-ல் முடிவுற்றது. பஞ்சத்தால் நலிந்த ஜில்லா நெற்களஞ்சியமாயிற்று. ரயில் பாதைகளுக்குப் பணத்தை வாரி இறைத்த சர்க்காரிடம், கால்வாய்களே முதல் தேவை என்று ஓயாது வாதாடினார். செவிசாய்த்தோர் சிலரே. 1876-ல் மூண்ட கொடும் பஞ்சத்தில் லக்ஷக்கணக்கானோர் மாண்டனர். ரயில்கள் இருந்தும் அவர்களைக் காக்க இயலவில்லை. 1899-ல் காட்டன் காலமானார்.

180 ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் புரிந்த மேலணையில், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. ஆயினும் நாம் கேட்பது இதுவே: புதியதைத் திறக்க மேடையும் மாலையும் உண்டு, பழையதைப் பழுது பார்க்க எது உண்டு? அணையைக் கட்டுவது ஒரு தலைமுறையின் கீர்த்தி. அதனைக் காப்பது எல்லாத் தலைமுறைகளின் கடமை. பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தவறாது பணம் ஒதுக்குமாறு ஆள்வோரை வற்புறுத்துவது பொதுஜனங்களின் பொறுப்பாகும்.